பொலிஸைப் பற்றி யாரிடம் சொல்வது?

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. அநேகமாக எல்லாக் கடிதங்களின் அடியிலும் “பெயர் போட வேண்டாம்” என்று எழுதியிருந்தது. பெயர்களை எடுத்துவிட்டேன். நேர்மையான ஒரு கேள்வியைக் கேட்கவே மனிதர் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதியாக வேண்டும் என்று பட்டது.

பொலிஸ்காரர் அடித்தால், அதே பொலிஸ் நிலையத்தில்தான் போய் முறைப்பாடு கொடுக்க வேண்டுமா?
– மரக்கறித் தோட்டக்காரர், நுரைச்சோலை

வேண்டியதில்லை. கொழும்பில் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. 2001இல் வந்த அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் அதை உருவாக்கியது. 2002இல் முதல் ஆணைக்குழு வேலையைத் தொடங்கியது. பொலிஸ் மா அதிபரைத் தவிர மற்ற எல்லாப் பொலிஸ் அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அதன் கையில். பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்று விசாரித்துப் பரிகாரம் தருவதும் அதன் கடமை. இதற்கான விதிகள் 2007இல் வர்த்தமானியில் வந்தன. ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தரணி வைத்துத்தான் எழுத வேண்டும் என்றில்லை.

ஆணைக்குழுவுக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்து விசாரிக்க வந்தவர் ஒரு பொலிஸ்காரர்! இதற்கா இவ்வளவு பாடு?
– சிறுகடை வைத்திருப்பவர், ஆலங்குடா

உங்கள் கோபம் நியாயமானது. நோய் இருக்கும் இடத்தில் சரியாகக் கை வைத்திருக்கிறீர்கள்.

ஆணைக்குழு சுயாதீனமானது. அதன் உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையில்தான் நியமிக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதிலுமிருந்து வரும் முறைப்பாடுகளை நேரில் போய் விசாரிக்கப் போதுமான சொந்த விசாரணையாளர்கள் அதற்கு இல்லை. அதனால் பல முறைப்பாடுகள் அறிக்கை கேட்டுப் பொலிஸுக்கே திரும்பிப் போகின்றன. கொழும்புக்குப் போன கடிதம் குருநாகலுக்கு வரும், குருநாகலிலிருந்து புத்தளத்துக்கு வரும். கடைசியில் உங்களிடம் வாக்குமூலம் எடுக்க வருபவர், உங்களை அடித்தவரோடு ஒரே மெஸ்ஸில் சோறு சாப்பிட்டவராக இருக்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நேர்மையாகவே எழுதட்டும். அந்த அறிக்கையை உங்களால் நம்ப முடியுமா? நம்ப முடியாத விசாரணையால் யாருக்கும் பயனில்லை, குற்றம் செய்யாத பொலிஸ்காரருக்கும்கூட.

வட அயர்லாந்தில் பல பத்தாண்டுகள் மக்களும் பொலிஸும் ஒருவரை ஒருவர் நம்பாமல் வாழ்ந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அங்கே பொலிஸ்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் பொலிஸ் ஒம்புட்ஸ்மன் பதவி வந்தது. அவருக்கென்று தனி விசாரணையாளர்கள் உண்டு. தடயம் எடுப்பதும் சாட்சியை விசாரிப்பதும் அவர்கள்தான். முறைப்பாட்டுக் கோப்பு பொலிஸ் கட்டிடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. நமக்கும் இதுவே வேண்டும். சட்டத்தில் “சுயாதீனம்” என்று எழுதியிருப்பது போதாது. யார் பேனாவைப் பிடித்து விசாரிக்கிறார் என்பதில்தான் சுயாதீனம் இருக்கிறது.

இந்த ஆணைக்குழு ஒரு காலத்தில் இருக்கிறது, ஒரு காலத்தில் இல்லை என்கிறார்களே?
– ஆசிரியை, கற்பிட்டி

பெயர் எப்போதும் இருந்தது, அதிகாரம்தான் வந்து வந்து போனது. 2001இல் 17ஆவது திருத்தம் கொடுத்தது. 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் நியமன, ஒழுக்காற்று அதிகாரங்களைப் பறித்துவிட்டு, முறைப்பாடு கேட்கும் வேலையை மட்டும் விட்டுவைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் மீட்டுத் தந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் ஆணைக்குழுக்களின் நியமனத்தை மறுபடி ஜனாதிபதியின் கைக்குக் கொண்டுபோனது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியியல் பாடத்தில் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

பெரிய அதிகாரிகளை யாராவது தொட்டிருக்கிறார்களா? சின்னக் கான்ஸ்டபிள்தானே எப்போதும் மாட்டுகிறார்?
– ஓட்டோ சாரதி, பாலாவி

தொட்டிருக்கிறார்கள். அதற்கு எத்தனை வருடம் பிடித்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் நுகேகொடைப் பிரிவுப் பொலிஸார் தன்னைச் சித்திரவதை செய்ததாக 2011இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2023 டிசம்பர் 14ஆம் திகதிதான் தீர்ப்பு வந்தது. சித்திரவதை நடந்தது என்று நீதிமன்றம் சொன்னது, நட்டஈடு கட்டச் சொன்னது, பொறுப்பானவர்கள்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பணித்தது. அந்தப் பொறுப்பானவர்களில் ஒருவரான தேசபந்து தென்னகோன் அன்றைக்குப் பதில் பொலிஸ் மா அதிபர்!

அதற்குப் பிறகும் 2024 பெப்ரவரியில் அவரே நிரந்தரப் பொலிஸ் மா அதிபரானார். 2024 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு அவரைப் பதவியில் செயற்படவிடாமல் நிறுத்தியது. பொலிஸ் மா அதிபரை ஆணைக்குழுவால் தொட முடியாது என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? அவரை நீக்க 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாடாளுமன்றம்தான் விசாரணைக் குழு அமைக்க வேண்டும். அமைத்தது. உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமை தாங்கிய அந்தக் குழுவில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவரும் இருந்தார். குழு அவரைக் குற்றவாளி என்று கண்டது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி 177 உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள், எதிர்த்து ஒருவரும் இல்லை. நாடாளுமன்றம் பதவி நீக்கிய முதல் பொலிஸ் மா அதிபர் அவர்.

ஒரு சாதாரண மனிதர் எழுதிய மனு, பொலிஸ் திணைக்களத்தின் உச்சிவரை போய்ச் சேர்ந்தது. ஆனால் தீர்ப்புக்கே பன்னிரண்டு வருடம் காத்திருந்தார் அந்த மனிதர். அவரது பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். அந்தப் பொறுமையை எல்லா ஏழைகளிடமும் எதிர்பார்க்கிற ஒரு முறைக்கு அல்ல.

முறைப்பாடு கொடுத்த பிறகு அந்த சாஜனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நாம் வென்றுவிட்டோம்தானே?
– இளைஞர், ஏத்தாளை

இல்லை தம்பி. அடுத்து அடிவாங்கப் போகும் ஊர் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஒழுக்காற்று விசாரணை நடந்ததா, முடிவு என்ன என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

கடலுக்குப் போய் வரும்போது மறித்து, பீடி இலை இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இல்லாவிட்டாலும் ‘ஏதாவது’ கேட்கிறார்கள்.
– மீனவர், நுரைச்சோலைக் கரை

தேடட்டும், அது அவர்கள் வேலை. கேட்பது இலஞ்சம். அதற்குப் பொலிஸ் ஆணைக்குழுவைவிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுதான் சரியான இடம். இலக்கம் 1954. பணம் கொடுப்பதற்கு முன்னால் அழையுங்கள் நானா. கொடுத்த பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டுவிட்டேன்.
– இல்லத்தரசி, மாம்புரி

அடுத்த முறை போடாதீர்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. புத்தளம் மாவட்டத்துக்கும் அது பொருந்தும். தமிழ் தெரிந்த அலுவலரைக் கேளுங்கள். இல்லை என்றால் வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் நடக்காமல், கையெழுத்தும் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: “இது எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை.” அந்த ஒரு வரி பிறகு நீதிமன்றத்தில் பேசும்.

போட்டுவிட்ட கையெழுத்துக்காக மனம் உடைய வேண்டாம் ராத்தா. நடந்ததை அப்படியே எழுதி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியதும் முறைப்பாட்டுக்குரிய விஷயம்தான்.

நிலக்கரித் தூசு வீட்டுக்குள் விழுகிறது. பொலிஸில் சொன்னால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். உண்மையா?
– நரக்கல்லி

பாதி உண்மை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் மின் நிலையத்தின் தூசை அளப்பதும் கட்டுப்படுத்த வைப்பதும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பொறுப்பு. முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள். ஆனால் பொதுத்தொல்லையை நீதவான் முன் கொண்டுபோகக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பொலிஸாரும் அதைச் செய்யலாம். முறைப்பாட்டைப் பதியவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் அது கடமை தவறுதல். அடித்தால் மட்டும்தான் ஆணைக்குழுவுக்கு எழுதலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் எழுதலாம்.

2011இல் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரை அடித்தே கொன்றார்களே. அதற்கு யாரிடம் முறைப்பாடு?
– ஓய்வுபெற்ற அரச ஊழியர், புத்தளம்

கேட்டதற்கு நன்றி ஐயா. இந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லாமலிருந்தால் அது குறையாகவே இருந்திருக்கும்.

2011 ஓகஸ்ட், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதம் பீதி நாட்டைப் பிடித்து உலுக்கிய மாதம். பிடிபட்டவர்களைப் பொலிஸும் படையினரும் தப்பவிடுகிறார்கள் என்று பல ஊர்களில் மக்கள் நம்பினார்கள். புத்தளத்தில் திரண்ட கூட்டத்தின் கையில் கடமையில் இருந்த ஒரு பொலிஸ்காரர் உயிரை விட்டார். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அது கொலை, நியாயப்படுத்த ஒரு சொல்லும் என்னிடம் இல்லை.

ஆனால் அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். 18ஆவது திருத்தம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொலிஸ் ஆணைக்குழுவின் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. “பொலிஸ் ஏன் விட்டது?” என்று மக்கள் கேட்டுப் பதில் வாங்கக்கூடிய, அவர்கள் நம்பிய ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. அடுத்த வருடம், 2012 பெப்ரவரியில், இதே மாவட்டத்தின் சிலாபத்தில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மீனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு மீனவர் இறந்தார். ஆறு மாத இடைவெளியில் ஒரே கரையோரத்தில் ஒரு பொலிஸ்காரரும் ஒரு மீனவரும். இரண்டு சாவும் என் மனதில் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. கேள்விக்குப் பதில் சொல்லும் நம்பகமான ஓர் இடம் இல்லாத ஊரில் கல்லும் துப்பாக்கியும்தான் பேசும்.

நான் ஒரு கான்ஸ்டபிள். எங்களைப் பற்றிப் பொய் முறைப்பாடு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு யார்?
– ஊர் குறிப்பிட வேண்டாம்

அதே ஆணைக்குழுதான். அரசியல்வாதி ஒரு தொலைபேசி அழைப்பில் உங்களைத் தூர இடத்துக்குத் தூக்கி எறியாமல் காப்பதற்காகவும்தான் அது பிறந்தது. ஆணைக்குழுவின் முடிவில் அநீதி இருந்தால், நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். பொய் முறைப்பாட்டைப் பொய் என்று வெளியார் ஒருவர் விசாரித்துச் சொன்னால் ஊர் ஏற்கும். உங்கள் பொறுப்பதிகாரி சொன்னால் “தங்கள் ஆளைக் காப்பாற்றுகிறார்கள்” என்றுதான் சொல்லும். சுயாதீன விசாரணையை முதலில் கேட்க வேண்டியவர்கள் நேர்மையான பொலிஸ்காரர்கள். நீங்கள் எழுதியது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

போதை வேட்டை என்று வீட்டுக்குள் புகுந்தார்கள். ‘தூள்’ ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மகனைக் கொண்டுபோனார்கள். என்ன செய்யலாம்?
– பூலாச்சேனை

போதைப்பொருள் நம் கரையைத் தின்கிறது. அதைப் பிடிக்கத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் “யுக்திய” என்ற பெயரில் தொடங்கிய வேட்டையைப் பலர் வரவேற்றதும் அதனால்தான். ஆனால் வேட்டையிலும் சட்டம் உண்டு. பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழிவு. சில குற்றங்களுக்கு மேலதிகத் தடுப்புக் காவலுக்கு இடமுண்டு; அதற்கும் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். பொலிஸ் நிலையத்துக்குள் உங்களுக்காகச் சட்டத்தரணி வந்து பேசலாம். 2012இல் அதற்கென்றே விதிகள் வந்திருக்கின்றன. நீதவான் முன் நிற்கும்போது அடித்திருந்தால் வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். அங்கே சொன்னது வழக்கேட்டில் ஏறும்.

தமிழ்நாட்டில் சாத்தான்குளம் நடந்தபோது நாடே கொதித்தது. அங்கே நம்மைவிட நல்ல முறை இருக்கிறதா?
– தொலைக்காட்சி பார்க்கும் வாசகர், கற்பிட்டி

சட்டத்தில் இல்லை. 2006 செப்டெம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் பொலிஸ் முறைப்பாட்டு அதிகாரசபை அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் கொண்டுவந்த சட்டம் உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. பொலிஸை நடத்தும் துறையே பொலிஸை விசாரிப்பது என்றாயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்த அமைப்பால் எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் நீதிமன்றத்தால். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே நிலையத்தில் மரியாதைக் குறைவாக நடத்தினார்கள் என்று தெரிந்ததும், அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி உத்தரவிட்டது. அன்றிரவு நிலையத்தில் கடமையில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தை வென்று நடந்ததைச் சொன்னார். வெளியாள் ஒருவர் உள்ளே போய் நின்றதால்தான் உள்ளே இருந்தவர் ஒருவரால் பேச முடிந்தது. நம் ஆணைக்குழுவுக்குச் சொந்த விசாரணையாளர்கள் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முறைப்பாடு கொடுத்தால் பழிவாங்க மாட்டார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
– தலவில

பழிவாங்கிய வரலாறு உண்டு. உங்களிடம் அதை மறைக்க மாட்டேன். வத்தளையில் பொலிஸ் சித்திரவதைக்கு ஆளான ஒருவருக்கு 2003இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுத்தது. 2004 நவம்பரில், மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சில நாட்கள் இருக்கும்போது, அவரைச் சுட்டார்கள், இறந்துபோனார்.

சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. 2023இல் அதை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். மிரட்டினாலே அது தனிக் குற்றம். தனியாக நிற்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ கோயில் சபைக்கோ பங்குத் தந்தைக்கோ மீனவர் சங்கத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். பத்துப் பேருக்குத் தெரிந்த முறைப்பாட்டை அமுக்குவது கஷ்டம்.

பொலிஸ் அடித்ததற்கு ‘ஐம்பதாயிரம் தருகிறோம், சமாதானமாகப் போங்கள்’ என்கிறார்கள். வாங்கலாமா?
– நுரைச்சோலை

சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். குறைந்தது ஏழு வருடம், கூடியது பத்து வருடம் சிறை. ஏழு வருடக் குற்றத்துக்கு ஐம்பதாயிரம் விலை பேசுபவர், தான் செய்தது என்ன என்று தெரிந்துதான் பேசுகிறார். வாங்காதீர்கள்.

என் மகனை அடித்து இன்றைக்கு இருபது நாள். கால் இன்னும் வீங்கியிருக்கிறது. எல்லோரும் ‘விடு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், நுரைச்சோலை

உம்மா, உங்களுக்குப் பத்து நாள் இருக்கிறது. அதை ஒரு நாளும் வீணாக்காதீர்கள்.

அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதினால் இந்த ஒரு மாதக் கணக்கு நிற்காது. அந்த நம்பிக்கையில் எழுதிவிட்டுக் காத்திருந்து உரிமையை இழந்தவர்கள் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்து, அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தால் மட்டும் அந்தக் காலம் கணக்கில் சேராது. வெறுமனே கடிதம் போட்டிருந்தால் போதாது, விசாரணை நிலுவையில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருக்கிறது. ஆகவே விசாரணை நடக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாளைக் காலை மகனைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். “விழுந்துவிட்டான்” என்று சொல்ல வேண்டாம். பொலிஸ் அடித்தது என்று டொக்டரிடம் சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காலைப் போட்டோ எடுத்துவையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் யார், சட்டையில் இருந்த இலக்கம், வாகன இலக்கம், பார்த்தவர்கள் யார் என்று தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தெரியாததை எழுத வேண்டாம். நாளைக்கே 1996ஐ அழையுங்கள், அது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம். அதே தாளின் பிரதியைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

துஆவும் செய்யுங்கள் உம்மா, நானும் செய்கிறேன். ஆனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.